ஆளும் சீட்டும்

வங்கிக் கிளையில் வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் பதவிப் பெயர் போக இன்னொரு பெயரும் உண்டு. கேஷியர் ‘முசுடு’. பாஸ்புக் என்ட்ரி போட்டுத் தரும் அம்மா ‘தங்கமானவங்க’. நகைக்கடன் ஆபீசர் ‘கறார்’. மேனேஜர் ‘வழவழா கொழகொழா’. இவையெல்லாம் வாடிக்கையாளர்கள் மட்டும் வைக்கிற பெயர்கள் அல்ல. கவுண்ட்டருக்கு உள்ளே இருக்கும் நாங்களும் ஒருவரையொருவர் இப்படித்தான் வகை பிரித்து வைத்திருப்போம். ஒருவருக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தால், அவர் பழைய கிளைக்கு அன்றைக்கே ஒரு போன் வரும். “வர்றவர் ஆள் எப்படி?” இரண்டு வார்த்தையில் பதில் கிடைத்துவிடும். அவர் பெட்டி கட்டுவதற்கு முன்பே அந்த இரண்டு வார்த்தையும் புதுக் கிளைக்குப் போய்ச் சேர்ந்து, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். கிளை வேலையிலும் பிறகு ஊழியர் பயிற்சியிலும் கழிந்த ஆண்டுகள் எனக்குத் தந்த முடிவு, அந்த இரண்டு வார்த்தைகளும் பெரும்பாலும் ஆளைப் பற்றியவை அல்ல, சீட்டைப் பற்றியவை என்பதுதான். அலுவலகத்தில் நாம் குணம் என்று எழுதி ஒட்டிவைத்திருப்பதில் பெரும்பகுதி, அந்த நாற்காலியில் உட்காருகிற யாருக்கும் வந்து சேருவது. தன்னைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உண்மையாகவே நினைப்பவர், கேள்வித்தாள் நிரப்புவதைவிட நாற்காலி மாறி உட்கார்ந்து பார்ப்பதில்தான் அதிகம் தெரிந்துகொள்வார்.

கேஷ் சீட்டைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கூண்டு. உள்ளே நோட்டு எண்ணும் மெஷின், விரலை நனைத்துக்கொள்ள ஈரப் பஞ்சு, ரப்பர் ஸ்டாம்ப், காகிதப் பட்டை சுற்றிய கட்டுகள். நூறு நோட்டு ஒரு பாக்கெட், பத்து பாக்கெட் ஒரு பண்டல். 500 ரூபாய் பாக்கெட் என்றால் 50,000, 100 ரூபாய் பாக்கெட் என்றால் 10,000. கூட்ட நேரத்தில் சிறியதற்கு பதில் பெரியதை நீட்டிவிட்டால் 40,000 ரூபாய் போயே போய்விட்டது. சாயங்காலம் கேஷ் டேலி ஆகவில்லை என்றால், குறைகிற பணத்தைக் கேஷியர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். கூடுதலாக இருந்தாலோ அது அவருக்கு இல்லை. தனிக் கணக்கில் வரவு வைத்து, உரியவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். கள்ள நோட்டு ஒன்று வந்துவிட்டால் அதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, முத்திரை குத்திப் பிடித்துவைத்து ரசீது தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த நோட்டை அறியாமல் வாங்கிவந்த அப்பாவி மனிதரின் கோபம் முழுவதும் கூண்டுக்குள் இருப்பவர் மீதுதான் இறங்கும். இப்படிப்பட்ட இடத்தில், எண்ணிக்கை அறுபத்தேழில் ஓடிக்கொண்டிருக்கும்போது எதிரே நிற்பவர், “சார், பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன்” என்று ஆசையாகப் பேச்சுக் கொடுக்கிறார். கேஷியர் தலை நிமிரவில்லை. வெளியே நிற்பவருக்கு அது திமிராகத் தெரிகிறது. உள்ளே இருப்பவருக்கு அது அன்றைய சம்பளத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. அதே மனிதரை அடுத்த மாதம் டெபாசிட் சீட்டுக்கு மாற்றிப் பாருங்கள். கல்யாணம் எந்த மண்டபத்தில் என்பதுவரை விசாரிப்பார்.

கடன் பிரிவில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கடன் அனுமதிக்கும் மேசையில் இருப்பவரைத் தேடிப் பழம், காலண்டர், பத்திரிகை எல்லாம் வரும். ஊரில் அவரைப் போல நல்ல மனிதர் கிடையாது. தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதே ஆபீசரை வசூலுக்குப் போடுகிறார்கள். அதே தெரு, அதே வீடு, அதே திண்ணை, ஆனால் இப்போது வீட்டுக்காரர் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறார். ஆறு மாதத்தில் ஆபீசரின் குரலே மாறிவிடும். வீட்டிலும் அந்தக் குரலில்தான் பேசுகிறார் என்று மனைவி மக்கள் சொல்லும் அளவுக்கு மாறும். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட் 1983-ல் எழுதிய நூலில் விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார். முன்னவர்களுக்கு எந்த நிலையிலும் இன்முகம் காட்டுவது வேலை, பின்னவர்களுக்குக் கடுமுகம் காட்டுவது வேலை. இரண்டுமே கூலிக்கு வாங்கப்படும் உணர்ச்சிகள் என்றும், நாளடைவில் தன் உண்மையான உணர்ச்சி எது, வேலைக்காக வரவழைத்துக்கொண்டது எது என்று பிரித்தறிவதே பணியாளருக்குச் சிரமமாகிவிடுகிறது என்றும் அவர் காட்டினார். வசூல் சீட்டில் மூன்று வருடம் இருந்த எவரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள். விளக்கம் கேட்க மாட்டார், தலையாட்டுவார்.

சூழ்நிலை மனிதனை எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்பதற்கு உளவியலில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது 1971-ல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த சிறைச் சோதனை. நான் அதைத் துணைக்கு அழைக்கவில்லை. காவலர் வேடம் போட்டவர்களுக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லித் தரப்பட்டது என்ற குற்றச்சாட்டு அதன் மீது வலுவாக இருக்கிறது. எங்கள் தொழிலுக்கு நெருக்கமானது இன்னொரு சோதனை. 1973-ல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர் பிரின்ஸ்டனில் இறையியல் படிக்கும் 40 மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். வழியில் ஒருவர் வாசலில் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருப்பார். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான் நின்றார்கள். எல்லோரும் சமய ஊழியத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்கள். சிலர் பேசப் போனதே, அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றி. அவர்களுடைய சமயப் பற்றை அளக்கும் கேள்விகள் அவர்களில் யார் நிற்பார் என்று சொல்லவில்லை. கையிலிருந்த நேரம்தான் சொன்னது. கவுண்ட்டரில் எட்டுப் பேர் நிற்கும் வரிசைக்கும் நாற்பது பேர் நிற்கும் வரிசைக்கும் நடுவே ஒரே ஊழியர் இரண்டு ஆளாக இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

இவ்வளவு தெரிந்த பிறகும் அலுவலகங்கள் ஆளை அளக்கும் தாளைத்தான் நம்புகின்றன. பயிற்சி வகுப்புகளில் அதிகம் புழங்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனையின் கதையைப் பலர் அறிந்திருப்பதில்லை. கார்ல் யுங் 1921-ல் வெளியிட்ட ஆளுமை வகைகள் பற்றிய நூலைப் படித்து, கேத்தரின் பிரிக்ஸ் என்ற தாயும் இஸபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்ற மகளும் வீட்டில் உட்கார்ந்து உருவாக்கியது அது. இருவரும் உளவியலை முறையாகப் படித்தவர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு ஏற்ற வேலை எது என்று கண்டுபிடிக்க உதவ வேண்டும் என்ற நல்ல எண்ணம் அதன் பின்னால் இருந்தது. மனிதர்கள் 16 வகை என்று அது பிரிக்கிறது. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் தங்கள் நான்கெழுத்தைப் பார்த்து, “அப்படியே என்னைச் சொல்லியிருக்கு” என்று வியப்பார்கள். அப்படிப்பட்ட வியப்பை அளந்தவர் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர். 1948-ல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஆளுக்கொரு குணவிவரம் எழுதிக் கொடுத்தார். எவ்வளவு பொருத்தம் என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள், வாக்கியங்கள் கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. நம்மை யாராவது சரியாகச் சொல்லிவிட மாட்டார்களா என்ற ஏக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. அது இழிவான ஏக்கம் அல்ல. அதற்கு அச்சடித்த தாள் பதில் ஆகாது என்பதுதான் விஷயம்.

நிர்வாகப் பயிற்சி என்று எங்கே போனாலும், வேலைக்கு ஏற்ற ஆளைத் தேர்ந்து அந்த வேலையை அவனிடமே விட்டுவிடச் சொல்லும் குறள் முதல் ஸ்லைடில் வந்துவிடும். அது ‘தெரிந்து வினையாடல்’ அதிகாரத்தில் ஏழாவது குறள். அதே அதிகாரத்தில் அதற்கு மூன்று குறள் முன்னால் வள்ளுவர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். எல்லா வகையிலும் சோதித்துத் தேர்ந்தெடுத்த பிறகும், வேலையின் தன்மையால் வேறாகிப் போகிற மனிதர் பலர் என்கிறார். அந்த நான்காவது குறளை எந்த ஸ்லைடிலும் நான் கண்டதில்லை. ஏழாவது குறளைப் பாடமாக வைப்பவர்கள் இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டும். தேர்வு ஆளைக் காட்டும், வேலை அவரை மாற்றும். இரண்டும் தெரிந்தவரிடம்தான் வள்ளுவர் நிர்வாகத்தை ஒப்படைக்கிறார்.

இதற்கு மறுப்பு உண்டு, அது வலுவான மறுப்பு. ஒரே கேஷ் சீட்டில் மாற்றி மாற்றி இரண்டு பேர் உட்காருகிறார்கள். ஒருவர் எரிந்து விழுகிறார், இன்னொருவர் அதே நெரிசலில் வயதான அம்மாவை முன்னால் வரச் சொல்லிப் பணம் எண்ணிக் கொடுக்கிறார். சீட்தான் எல்லாம் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? குணம் என்று ஒன்று இல்லை என்று நான் சொல்லவில்லை. அது இருக்கிறது. ஐந்து பெரும் பண்புகள் என்று உளவியலாளர்கள் இன்று ஏற்கும் அளவைகள் ஓரளவு நம்பத்தக்கவை. அவற்றில் பொறுப்புணர்வு என்ற ஒன்று எந்த வேலையிலும் ஒருவருடைய செயல்திறனோடு ஓரளவு ஒட்டிப்போகிறது என்று முர்ரே பாரிக், மைக்கேல் மௌன்ட் இருவரும் 1991-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். ஆனால் எவ்வளவு என்பதுதான் கேள்வி. உளவியலாளர் வால்ட்டர் மிஷல் 1968-ல், சோதனைத் தாளில் அளந்த குணத்துக்கும் ஒரு குறிப்பிட்ட சூழலில் ஒருவர் நடந்துகொள்ளும் விதத்துக்கும் உள்ள ஒட்டுறவு (முழுப் பொருத்தம் என்றால் 1) பெரும்பாலும் 0.3 அளவில் நின்றுவிடுகிறது என்று எழுதி அந்தத் துறையையே உலுக்கினார். 1979-ல் சீமோர் எப்ஸ்டைன் அதற்குப் பதில் சொன்னார். ஒரு நாள், ஒரு செயல் என்று பார்த்தால் குணம் தெரியாது, பல நாள் செயல்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அது நிலையாகத் தெரிகிறது என்றார். இருவரும் எதிரெதிர் அணி என்று சொல்வார்கள். கிளையிலிருந்து பார்த்தால் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். ஒரு சீட்டில் பார்த்துவிட்டு ஆளைச் சொல்லாதே என்கிறார் ஒருவர். பல நாள் பார், பிறகு சொல் என்கிறார் மற்றவர். எரிந்து விழும் கேஷியரை முசுடு என்று முடிவுகட்டுவதற்கு முன், அவர் டெபாசிட்டிலும் டெஸ்பாட்சிலும் லாக்கரிலும் எப்படி இருந்தார் என்று கேட்டாக வேண்டும். எங்கு போட்டாலும் எரிந்து விழுந்தால், சரி, அது அவர் குணம்.

இன்னொரு மறுப்பு அறம் சார்ந்தது. எல்லாவற்றையும் சீட்டின் தலையில் போட்டுவிட்டால், மரியாதையில்லாமல் நடப்பவர் எல்லோருக்கும் சாக்கு கிடைத்துவிடாதா? கிடைக்காது. காரணம் சொல்வது வேறு, மன்னிப்பு வழங்குவது வேறு. கேஷ் குறைந்தால் கூட்டம் அதிகம் என்று சொல்லித் தப்ப முடியாது, கட்டித்தான் தீர வேண்டும். பேச்சில் வரும் குறைக்கும் அதே கணக்குதான். பேசியவர் பொறுப்பு குறையாது, அவரை அங்கே உட்காரவைத்தவர் பொறுப்பு கூடும். மூன்று பேர் பார்க்க வேண்டிய கவுண்ட்டரில் ஒருவரை வைத்துவிட்டு, அவருக்கு வாடிக்கையாளர் சேவை பற்றி ஒரு நாள் பயிற்சி கொடுத்து அனுப்புவது நியாயம் இல்லை. பயிற்சி கொடுக்கும் இடத்தில் நின்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். புன்னகையோடு பேசுங்கள் என்று கரும்பலகையில் எழுதும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்க விரும்புகிற கேள்வி ஆள் பற்றாக்குறை பற்றியதாக இருக்கும்.

சீட்டுகளே கலைந்துபோன காலம் ஒன்று வந்தது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். 10-ம் தேதி கிளைகள் திறந்தபோது வரிசை அடுத்த தெரு வரை நின்றது. 12, 13 தேதிகள் இரண்டாம் சனி, ஞாயிறு. அன்றும் திறந்திருந்தோம். டிசம்பர் 30 வரை கடன், லாக்கர், டெஸ்பாட்ச் என்ற பேதமெல்லாம் போய், கை இருந்தவர்கள் எல்லோரும் நோட்டு எண்ணினார்கள். ஏழெட்டு வாரத்தில் கிளைகளில் ஒட்டியிருந்த பெயர்கள் பல உதிர்ந்தன. வாய் திறக்காதவர் என்று பெயரெடுத்தவர்கள் வாசலில் நின்று இருநூறு பேர் வரிசையை ஒழுங்குபடுத்தினார்கள். நெருக்கடியைச் சமாளிக்கப் பிறந்தவர் என்று பாராட்டப்பட்டவர்களில் சிலர் உள் அறைக்குள் போய்விட்டார்கள். ஐம்பது நாளில் தெரியவந்த இந்த ஆட்களைப் பல ஆண்டுப் பணி மதிப்பீட்டு அறிக்கைகள் காட்டவில்லை. காட்டாததற்குக் காரணம், அதுவரை அவர்களை அந்த இடத்தில் யாரும் நிறுத்திப் பார்க்கவில்லை என்பதுதான். அந்த வாரங்களை நான் பெருமையாக நினைவுகூரவில்லை. வரிசையில் நின்ற முதியவர்கள் பட்ட பாடு அப்படி. ஆனால் அவை தந்த சான்றை ஒதுக்கிவிட முடியாது.

சீட்டோடு ஒட்டிப்போன அடையாளத்துக்கு இன்னொரு ஆபத்து உண்டு. சீட் ஒரு நாள் இல்லாமல் போகும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன், கையால் எழுதிய லெட்ஜர்களைக் கூட்டிப் பொதுப் பேரேட்டோடு ஒத்துப்பார்க்கும் பேலன்சிங் என்ற வேலை இருந்தது. வித்தியாசத்தைப் பிடிப்பதற்கென்றே பெயர்பெற்ற ஆட்கள் இருந்தார்கள். வித்தியாசத் தொகையைப் பார்த்ததும் முதலில் 9-ஆல் வகுத்துப் பார்ப்பார்கள். மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 5,760 என்பதை 5,670 என்று எழுதினால் வித்தியாசம் 90. வகுபடாவிட்டால் தொகையைப் பாதியாக்கி, அந்தப் பாதித் தொகைக்கு ஏதாவது வவுச்சர் பற்றுக்கு பதில் வரவில் ஏறியிருக்கிறதா என்று தேடுவார்கள். பக்கத்துக் கிளையிலிருந்து அவர்களை அழைத்துப்போக ஆள் வரும். டாக்டர் வருவதுபோல வருவார்கள். சி. ரங்கராஜன் தலைமையிலான குழுக்கள் 1984-லும் 1989-லும் கம்ப்யூட்டர்மயத்துக்கு வழி சொல்லின. பிறகு கோர் பேங்கிங் வந்ததும், அந்தத் திறமைக்குத் தேவையே இல்லாமல் போனது. கணக்கு தானாக டேலி ஆனது. ‘பேலன்சிங் புலி’ என்பதே தன் முழுப் பெயர் என்று வாழ்ந்தவர்களுக்கு அது வேலை போனதைவிடப் பெரிய இழப்பு. சம்பளம் குறையவில்லை, பதவி குறையவில்லை, ஆனால் ‘நான் யார்’ என்ற கேள்விக்கு வைத்திருந்த பதில் போய்விட்டது.

ஊர்ப்புறத்தில் இது வேறு மாதிரி நடந்தது. 1980-ல் தமிழக அரசு மணியக்காரர், கர்ணம் என்ற கணக்குப்பிள்ளை போன்ற பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. இன்றும் எத்தனையோ ஊர்களில் அது ‘மணியக்காரர் வீடு’தான், ‘கணக்குப்பிள்ளை வீடு’தான். சீட் போனாலும் பெயர் வீட்டை விட்டுப் போகவில்லை. வங்கிக்காரர்களின் நிலை நேர்மாறானது. மூன்று வருடத்துக்கு ஒரு ஊர் என்று சுற்றியதால் எந்தத் தெருவிலும் பெயர் வேர்விடவில்லை. 60 வயதில் ஓய்வு பெற்று வந்ததும் ‘மேனேஜர் சார்’ என்று கூப்பிட அந்த ஊரில் ஆள் இருக்காது. அடுத்த நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்கக் கவுண்ட்டருக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது, உள்ளே இருக்கும் பெண் நிமிராமல் “டோக்கன் எடுத்தீங்களா?” என்பார். அந்தக் கணத்தில் கோபப்படுகிறவர் தன் முப்பது வருட நாற்காலியை இன்னும் விட்டு எழவில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்தில் எத்தனை வவுச்சர் குவிந்திருக்கிறது என்று பார்க்கிறவர் எழுந்துவிட்டார்.

வங்கிகளில் சீட் மாற்றுவது ஆளைத் தெரிந்துகொள்ள ஏற்பட்ட வழக்கம் அல்ல, மோசடியைத் தடுக்க ஏற்பட்டது. ஒரே மேசையில் ஒருவர் அதிக நாள் இருக்கக் கூடாது. ஸ்ட்ராங் ரூம் சாவி இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். முக்கியப் பொறுப்பில் இருப்பவரை முன்னறிவிப்பு இல்லாமல் ஆண்டுக்கு ஒரு முறை தொடர்ந்து 10 வேலைநாளுக்குக் குறையாமல் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று 2021-ல் ரிசர்வ் வங்கி உத்தரவே போட்டது. இவையெல்லாம் சந்தேகத்தில் பிறந்த விதிகள். ஆனால் அவற்றுக்குள் ஒரு பெரிய நன்மை இருக்கிறது, அதை நிர்வாகங்கள் பயன்படுத்திக்கொள்ளவில்லை. பத்து நாள் அந்த நாற்காலியில் இல்லாதபோதுதான், தன்னிடம் இருப்பது எது, நாற்காலி கொடுத்தது எது என்று மனிதனுக்குப் பிரித்துப் பார்க்க வாய்க்கிறது. கிளை மேலாளர்களிடம் நான் கேட்பது இதைத்தான். புதிதாகச் சேரும் பிள்ளைகளை முதல் இரண்டு ஆண்டுக்குள் ஒவ்வொரு சீட்டிலும் மூன்று மாதமாவது உட்காரவையுங்கள். அதுவரை அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாதீர்கள், அடுத்த கிளையிலிருந்து போன் வந்தாலும் சொல்லாதீர்கள்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் கட்டப் போகும்போது செலானில் எத்தனை 500, எத்தனை 200, எத்தனை 100 என்று எழுதிக்கொண்டு போங்கள். நோட்டுகளை ஒரே முகமாக அடுக்கி, பின் குத்தாமல் நீட்டுங்கள். கேஷியர் எண்ணி முடித்து ஸ்டாம்ப் வைக்கும்வரை காத்திருந்து, பிறகு கல்யாணச் செய்தியைச் சொல்லுங்கள். அவர் நிமிர்ந்து பார்ப்பார்.